கழுதை இழுத்த மணி

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்கு ஒரு சிலை இருக்கிறது. கதை நமக்கெல்லாம் மனப்பாடம். திருவாரூர் வீதியில் இளவரசன் தேர் ஓட்டிச் செல்கிறான். துள்ளி வந்த கன்று ஒன்று சக்கரத்தில் அகப்பட்டு இறக்கிறது. தாய்ப்பசு நேரே அரண்மனைக்குப் போய், வாசலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியைக் கொம்பால் அசைக்கிறது. அரசன் இறங்கி வருகிறான், விசாரிக்கிறான், தன் மகனையே தேர்க்காலில் இடுகிறான்.

கதையைச் சொல்லும்போது எல்லோரும் அரசனைப் பற்றியே பேசுவோம். எனக்கு அந்த மணியின் மேல்தான் ஆசை. குடிமக்கள் குறை சொல்வதற்காகக் கட்டிய மணியை ஒரு மாடு போய் இழுத்தது. வாயில்லா ஜீவனுக்கும் வழக்குரைக்கும் உரிமை உண்டு என்ற பெரிய எண்ணத்தை இத்தனை எளிதாகச் சொல்லும் காட்சி வேறு இல்லை. அந்த மணியோ திருவாரூரோடு நின்றுவிடவும் இல்லை. கடல் கடந்தது, பாலைவனம் கடந்தது, மாட்டை விட்டுவிட்டுக் கழுதையைப் பிடித்தது, பாம்பைப் பிடித்தது, குதிரையைப் பிடித்தது. கடைசியில் லண்டனில் ஒரு நிஜ நீதிமன்றத்துக்குள் நுழைந்தது. அங்கிருந்து கப்பலேறி மறுபடியும் சென்னைக்கே வந்தது.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரிய புராணத்தின் தொடக்கத்திலேயே இந்தக் கதையைச் சொல்கிறார். அதற்கு முன்பே சிலப்பதிகாரத்தில், பாண்டியன் அவையில் தன் ஊர்ப் பெருமையைச் சொல்லும் கண்ணகியின் வாயில் அது வந்துவிடுகிறது. இலங்கையின் மகாவம்சத்திலும் இதே கதை உண்டு. அங்கே அரசன் பெயர் எல்லாளன், சோழ நாட்டிலிருந்து போய் அனுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்டவன். போரில் அவனை வென்ற துட்டகைமுனுவைப் போற்றுவதற்கென்றே எழுதப்பட்ட நூல், தோற்ற தமிழ் மன்னனின் நீதியை மறைக்காமல் சொல்கிறது. அவன் படுக்கையின் தலைமாட்டில் மணி; அதன் கயிறு வெளியே நீண்டு கிடக்கும். கன்றை இழந்த பசு அதை இழுத்தது. இன்னொரு நாள், பனைமரத்தில் இருந்த தன் குஞ்சைப் பாம்பு விழுங்கிவிட்டது என்று ஒரு பறவை வந்து இழுத்தது. அரசன் பாம்பைப் பிடித்து வரச் செய்து, வயிற்றைக் கிழித்துக் குஞ்சை எடுத்தான் என்கிறது நூல். இந்தப் பாம்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு நாட்டில், வேறொரு வேடத்தில் மீண்டும் வரும்.

இது கதை. கதைக்கு அருகிலேயே கல்லில் வெட்டிய சான்று ஒன்றும் இருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதருக்கும் விலங்குக்கும் என இருவகை மருத்துவம் ஏற்பாடு செய்ததாகச் சொல்கிறார். எங்கெல்லாம்? தம் ஆட்சிப் பரப்புக்கு வெளியே சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும், தாமிரபரணி எனப்பட்ட இலங்கை வரையிலும், மேற்கே கிரேக்க மன்னன் ஆண்டியோகஸின் நாட்டிலும். மருந்து மூலிகைகள் கிடைக்காத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுபோய் நடச் செய்ததாகவும் சொல்கிறார். மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பதை அயல்நாட்டு உறவில் ஒரு பகுதியாகவே அவர் வைத்திருந்தார்.

தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் யாழ்ப்பாணத்திலும் இதே அக்கறை அரசாணை எதுவும் இல்லாமல் வாழ்ந்தது. வழியோரக் கேணிக்குப் பக்கத்தில் மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஒரு கல் நட்டிருப்பார்கள். ஆவுரிஞ்சு கல் என்று பெயர். யாழ்ப்பாணத்தார் ஆவுரஞ்சிக் கல் என்பார்கள். முதுகு அரித்தால் மாட்டுக்குக் கை இல்லையே என்று ஒருவர் யோசித்திருக்கிறார் பாருங்கள். முப்பத்திரண்டு அறங்களின் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு.

மணி மேற்கே எப்படிப் போனது? 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தை ஆண்ட அனுஷிர்வானின் அவை, இந்தியச் சரக்குக்கு வாசல் திறந்து வைத்திருந்த அவை. பர்சோய் என்ற மருத்துவர் பஞ்சதந்திரத்தைக் கொண்டுபோய்ப் பாரசீக மொழியில் தந்தது அவன் காலத்தில்தான். சிங்கமும் எருதும் நரியும் வழக்காடும் அந்தக் கதைகள் அங்கிருந்து அரபுக்கும் ஐரோப்பாவுக்கும் போயின. விலங்குகள் பேசும் கதைகள் போன பாதையில், விலங்குகள் முறையிடும் கதையும் நடமாடியிருப்பதில் வியப்பில்லை. 11ஆம் நூற்றாண்டில் செல்ஜுக் அரசின் அமைச்சர் நிஜாம் அல்-முல்க் அரசியல் நூல் ஒன்று எழுதினார். அதில் அனுஷிர்வான் அரண்மனையில் மணிகள் கோத்த சங்கிலி ஒன்று தொங்குகிறது. பல ஆண்டுகளாக அதை யாரும் இழுக்கவில்லை. ஒருநாள் மதியம் மணி ஒலிக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால், சொறி பிடித்த கிழக் கழுதை ஒன்று சங்கிலியில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறது.

நம் ஆவுரிஞ்சு கல்லும் ஆராய்ச்சி மணியும் ஒன்றாகிவிட்ட காட்சி இது. கழுதைக்கு முறையிடும் எண்ணம் இல்லை, அரிப்பு மட்டும்தான். ஆனால் அரசன் அதை வழக்காகவே எடுத்துக்கொள்கிறான். விசாரித்தால், அது ஒரு சலவைக்காரரின் கழுதை. காலமெல்லாம் மூட்டை சுமந்துவிட்டு, முதுமையில் தெருவில் விடப்பட்டது. அது உயிரோடிருக்கும் வரை தீனி போட வேண்டும் என்று தீர்ப்பாகிறது. இந்த இடத்தில் கதை ஓர் அடி முன்னேறியிருக்கிறது. திருவாரூர்ப் பசு கேட்டது கொலைக்கு நீதி. பாரசீகக் கழுதை கேட்டது, அதாவது அதற்காக அரசன் கேட்டது, கைவிட்டதற்கு நீதி. அடிப்பது மட்டுமல்ல, உழைப்பை வாங்கிக்கொண்டு பட்டினி போடுவதும் குற்றம் என்ற எண்ணம் பிறந்துவிட்டது.

ஐரோப்பாவுக்குள் நுழைந்த மணி கொஞ்ச காலம் தடுமாறியது. இடைக்கால லத்தீன் கதைத் தொகுப்பான கெஸ்டா ரோமனோரமில் பார்வையற்ற பேரரசன் ஒருவன் மணி கட்டுகிறான். அதை இழுப்பது பாம்பு! தன் வளையைத் தேரை ஒன்று பிடித்துக்கொண்டது என்பது அதன் புகார். நீதி கிடைத்ததும் பாம்பு ஒரு மணிக்கல்லைக் கொண்டுவந்து அரசன் கண்ணில் வைக்க, அவனுக்குப் பார்வை திரும்புகிறது. அனுராதபுரத்தில் குற்றவாளியாக நின்ற பாம்பு இங்கே வாதி. இத்தாலியில் மணி இன்னொரு உருவம் எடுத்தது. அங்கே அது ஊர்ச் சந்தையில் தொங்குகிறது. கயிறு தேய்ந்துபோனதால் திராட்சைக் கொடியைக் கட்டி நீட்டியிருக்கிறார்கள். எசமானன் தீனி போடாமல் துரத்திவிட்ட கிழட்டுப் போர்க்குதிரை பசி தாங்காமல் அந்தக் கொடியைக் கடிக்க, மணி ஒலிக்கிறது. பாரசீகக் கழுதைக்கு இது உடன்பிறப்பு. அரிப்பின் இடத்தில் பசி, அவ்வளவுதான். 1870களில் அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோ இதை ‘அட்ரியின் மணி’ என்று பாட்டாகப் பாட, திருவாரூர்ப் பசுவின் தூரத்துச் சொந்தம் அட்லாண்டிக்கைத் தாண்டியது.

இதற்கிடையே இந்தியாவில் ஓர் அரசர் நிஜமாகவே சங்கிலி கட்டினார். 1605இல் அரியணை ஏறியதும் ஜஹாங்கீர் போட்ட முதல் ஆணை, ஆக்ரா கோட்டையிலிருந்து யமுனைக் கரைக்கு 60 மணிகள் கோத்த தங்கச் சங்கிலி கட்ட வேண்டும் என்பது. மனிதருக்காகக் கட்டியதுதான். இருந்தாலும் அதே ஜஹாங்கீர், குளிர்காலத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொள்ளும் யானைகள் நடுங்குவதைக் கவனித்து, அவற்றுக்கு வெதுவெதுப்பான நீர் கொடுக்கச் சொன்னதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு வந்த ஐரோப்பிய வணிகர்கள் குஜராத்தில் இறங்கியவுடன் திகைத்துப்போன விஷயம் ஒன்று உண்டு: விலங்கு ஆஸ்பத்திரி. 1580களில் வந்த ஆங்கிலேயர் ரால்ஃப் ஃபிட்ச், முடமான நாய்க்கும் பூனைக்கும் பறவைக்கும் மருத்துவமனை இருப்பதை எழுதினார். 1623இல் வந்த இத்தாலியர் பியத்ரோ தெல்லா வல்லே, காம்பே நகரில் பறவை மருத்துவமனைக்கே நேரில் போய்ப் பார்த்தார். சமண வணிகர்கள் நடத்திய பிஞ்சராப்போல்கள் அவை. மிளகும் துணியும் வாங்க வந்தவர்கள் இந்தச் செய்தியையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். ஊரில் படித்தவர்களில் பலர் நம்பவில்லை. சிலர் யோசித்தார்கள்.

யோசித்தவர்களில் ஒருவர் ஜான் ஆஸ்வால்ட். ஸ்காட்லாந்துக்காரர், 1780களில் படையோடு இந்தியாவுக்கு வந்தவர். பதவியை விட்டார், இந்துக்களோடு பழகி மரக்கறி உணவுக்கு மாறினார், தரைவழியாகவே ஊர் திரும்பினார். 1791இல் விலங்குகளுக்காக வாதாடி ஒரு நூல் எழுதினார். பிறகு பிரெஞ்சுப் புரட்சியில் சேர்ந்து 1793இல் போர்க்களத்தில் இறந்தார். அதற்குச் சற்று முன்புதான், 1789இல், ஜெரமி பெந்தாம் தம் சட்ட நூலில், விலங்குக்குப் பேச்சும் பகுத்தறிவும் உண்டா என்பதைவிட அதற்கு வலிக்குமா என்பதையே பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். உலகத்தையே மாற்றிய அந்தக் கருத்து அச்சானது அடிக்குறிப்பாக!

இனி மணி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குள் நுழைகிறது. அதைக் கொண்டுபோனவர் அயர்லாந்தின் கால்வே பகுதிக்காரர் ரிச்சர்ட் மார்ட்டின். அந்த அயர்லாந்தில் 1635லேயே ஒரு சட்டம் வந்திருந்தது. குதிரை வாலில் ஏரைக் கட்டி உழுவதையும், உயிருள்ள ஆட்டின் ரோமத்தைப் பிய்த்தெடுப்பதையும் அது தடுத்தது. மார்ட்டின் சாதுவான மனிதர் அல்ல. இளமையில் துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போனவர். ஒரு பிரபுவின் வேட்டைநாயைச் சுட்டுக் கொன்ற முரடன் ஒருவனோடு, அந்த நாய்க்காகவே பகை வளர்த்துத் துப்பாக்கி ஏந்தியவர். 1821இல் குதிரைகளைக் காக்கும் மசோதாவை அவர் கொண்டுவந்தபோது, கழுதையையும் சேர்க்கலாமே என்றார் ஓர் உறுப்பினர். அவையில் எழுந்த சிரிப்பில் அடுத்து யார் என்ன பேசினார் என்பது செய்தியாளர் காதில் விழவில்லை. இப்படியே போனால் நாய்க்கும் சட்டம் கேட்பார் என்று ஒருவர் சொல்ல, ‘பூனைக்கும்!’ என்று இன்னொருவர் கத்த, மசோதா தோற்றது.

அடுத்த ஆண்டே மார்ட்டின் மீண்டும் வந்தார். 1822 ஜூலை 22 அன்று சட்டம் நிறைவேறியது. மாடு, குதிரை, ஆடு, கோவேறு கழுதை. சிரிப்புக்கு ஆளான கழுதையும் அதில் இருந்தது. கொடுமை செய்தால் அபராதம் குறைந்தது 10 ஷில்லிங், அதிகம் 5 பவுண்ட். இந்த 10 என்ற எண்ணையும் நினைவில் வைத்திருங்கள்.

சட்டம் வந்த கையோடு மார்ட்டினே லண்டன் தெருக்களில் நடந்து குற்றவாளிகளைப் பிடித்தார். பில் பர்ன்ஸ் என்ற தெரு வியாபாரி தன் கழுதையை அடித்துத் துவைத்த வழக்கு புகழ்பெற்றது. நீதிமன்றம் அசட்டையாக இருக்கவே, மார்ட்டின் அந்தக் கழுதையையே உள்ளே கூட்டிவந்து காயங்களைக் காட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்தக் காட்சியை ஓவியமாகவே தீட்டினார்கள், தெருப்பாட்டாகப் பாடினார்கள். அனுஷிர்வானின் வாசலில் முதுகு தேய்த்த கழுதை, எழுநூறு ஆண்டுக்கும் மேலான கதைப் பயணத்துக்குப் பிறகு சாட்சிக் கூண்டுக்கு வந்துவிட்டதாகவே எனக்குப் படும். தண்டனை பெற்றவர் ஏழையாக இருந்தால் அபராதத்தில் ஒரு பங்கை மார்ட்டினே கட்டியதும் உண்டு. கடைசியில் கடன்காரர்களுக்கு அஞ்சி அவர் பிரான்சுக்குப் போய், 1834இல் அங்கேயே இறந்தார்.

ஒரு மனிதர் எத்தனை தெருவுக்குக் காவல் நிற்க முடியும்? 1824 ஜூன் 16 அன்று லண்டனில் ஒரு காபிக் கடையில் சிலர் கூடினார்கள். கூட்டியவர் ஆர்தர் புரூம் என்ற பாதிரியார். அடிமை வணிகத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்ஃபோர்ஸும் வந்திருந்தார். அங்கு பிறந்ததுதான் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம், இன்று ஊருக்கு ஊர் நாம் அறிந்த எஸ்.பி.சி.ஏ.வின் தாய். சந்தைகளைக் கண்காணிக்கச் சம்பளம் கொடுத்து ஆய்வாளர்களை வைத்தார்கள். லண்டன் மாநகரக் காவல் துறையே அதற்கு ஐந்து ஆண்டு கழித்து, 1829இல்தான் வந்தது. மாட்டுக்குக் காவலர், மனிதருக்கு முன்பே கிடைத்துவிட்டார்!

சங்கம் கடனில் மூழ்கியது. அந்தக் கடனுக்காகப் பாதிரியார் புரூம் சிறைக்குப் போனார். சங்கத்தைக் கைதூக்கிவிட்டவர் லூயிஸ் கோம்பெர்ட்ஸ் என்ற யூதர். இறைச்சியும் பாலும் முட்டையும் தொடமாட்டார், குதிரை வண்டியில் ஏறமாட்டார். ஏறாவிட்டால் ஊருக்குள் எப்படிப் போவது? 1821லேயே, கையால் இழுத்து உந்தும் இருசக்கர வண்டி ஒன்றை வடிவமைத்திருந்தார். சைக்கிளின் முன்னோடிகளில் ஒன்று அது. அந்த நல்ல மனிதரையே, கிறித்தவர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்ற பேச்சைக் கிளப்பிச் சங்கத்தை விட்டு வெளியேற வைத்தார்கள். அவர் வேறு சங்கம் தொடங்கிப் பணியைத் தொடர்ந்தார். பழைய சங்கம் 1840இல் விக்டோரியா அரசியிடம் ‘ராயல்’ பட்டம் பெற்றது.

வெற்றி பெற்ற கடையைப் பார்த்துப் பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை திறப்பது உலக வழக்கம். 1863இல் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக ரஷ்யா போன நியூயார்க் செல்வந்தர் ஹென்றி பெர்க், அங்கே வண்டிக்காரர்கள் குதிரைகளை அடிப்பதைக் கண்டு பொறுக்காமல் தடுத்தார். ஊர் திரும்பும் வழியில் லண்டனில் இறங்கிச் சங்கம் எப்படி நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். 1866 ஏப்ரலில் நியூயார்க்கில் அதே அச்சில் ஒன்றைத் தொடங்கினார். தொடங்கிய வேகத்தில் அவர் போட்ட வழக்குகளில் ஒன்று கடலாமைகளுக்காக. துடுப்புகளைத் துளைத்துக் கயிறு கோத்து, மல்லாக்கப் போட்டு, கப்பலில் கொண்டுவந்திருந்தார்கள். வழக்கு தள்ளுபடியானது, ஆமையை விலங்கு என்றே நீதிபதி ஏற்கவில்லை. பத்திரிகைகள் கேலி செய்து எழுதித் தீர்த்தன. கேலியினாலேயே ஊர் முழுக்கச் சங்கத்தின் பெயர் தெரிந்தது.

1867இல் பெர்க்கின் சங்கம் அடிபட்ட குதிரைகளுக்கு ஆம்புலன்ஸ் விட்டது. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை மனிதருக்கு ஆம்புலன்ஸ் விட்டது 1869இல். அதே 1867இல்தான் வடலூரில் வள்ளலார் தருமசாலை அடுப்பை மூட்டினார். இருவரும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்கவே வழியில்லை. ஒருவர் சட்டத்தாலும் மற்றவர் ஜீவகாருண்யம் என்ற ஒரு சொல்லாலும், ஒரே ஆண்டில் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

பெர்க்கின் வாழ்வில் பெரிய திருப்பம் 1874இல் வந்தது. மேரி எலன் என்ற சிறுமி, வளர்ப்பு வீட்டில் நாள்தோறும் அடிபட்டுக்கொண்டிருந்தாள். அவளை மீட்க அலைந்த எட்டா வீலர் என்ற பெண்மணிக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. கடைசியில் பெர்க்கிடம் போனார். குதிரைக்காக நீதிமன்றம் போகிற மனிதர் குழந்தைக்காகப் போகமாட்டாரா? பெர்க்கின் வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெரி, ஆட்கொணர்வு மனு போட்டுச் சிறுமியை வரவழைத்தார். விலங்குச் சட்டத்தைக் காட்டிக் குழந்தையை மீட்டார்கள் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது பிழை. வழக்கு நடந்தது மனிதருக்கான சட்டத்தில்தான். ஆனால் அவள் நீதிமன்றத்துக்குள் வந்தபோது போர்த்தியிருந்தது குதிரைக்குப் போர்த்தும் கம்பளி என்று அங்கிருந்த செய்தியாளர் ஜேக்கப் ரீஸ் எழுதி வைத்தார். அதன் பின்னேதான் குழந்தை வதைத் தடுப்புச் சங்கம் நியூயார்க்கில் பிறந்தது. அதைப் பார்த்துவிட்டுப் போன லிவர்பூல் வணிகர் ஒருவர் 1883இல் தம் ஊரிலும் தொடங்கினார். லண்டனிலிருந்து போன விலங்குச் சங்கம், குழந்தைச் சங்கத்தை ஈன்று இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்பியது.

இந்தியாவுக்கு இந்தச் சங்கம் வந்தது நியூயார்க்குக்கும் முன்பே. 1861இல் கல்கத்தாவில் கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்ற ஓவியர் அதைத் தொடங்கினார். பார வண்டி இழுத்துத் துவண்ட எருதுகளே அவர் கண்ணை உறுத்தியவை. 1890இல் நாடு முழுமைக்குமான வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. பால் சுரக்க வேண்டும் என்பதற்காகப் பசுவின் பிறப்புறுப்பில் காற்றை ஊதும் ‘பூக்கா’ என்ற கொடுமையைப் பெயர் சொல்லியே அது தடுத்தது.

ஆனால் வெள்ளை அரசு ஒரு கையால் எருதைத் தடவிக்கொடுத்து, மறு கையால் நாயை அடித்தது. 1832இல் பம்பாயில் தெருநாய்களைக் கொல்ல ஆணையிட்டபோது, நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் கொதித்தெழுந்து கடைகளை அடைத்தார்கள். கலவரம் மூண்டது. அதன் விளைவாக, பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் சமண வணிகர்களோடு கைகோத்து 1834இல் பம்பாய் பிஞ்சராப்போலை நிறுவினார். சீனத்துக்குப் பருத்தியும் அபினியும் விற்றுச் சேர்த்த பணத்தில் நாய்களுக்குக் கூரை எழும்பியது. நல்ல காரியங்களின் பின்னணியும் எப்போதும் சுத்தமாக இருப்பதில்லை.

மதுரையில் 1904இல் பிறந்த ஒரு பெண், பரதத்துக்குப் புதுவாழ்வு தந்து 1936இல் கலாக்ஷேத்ராவை நிறுவினார். ருக்மிணி தேவி அருண்டேல். 1952இல் மாநிலங்களவை நியமன உறுப்பினராகப் போனபோது, கலையைப் பற்றிப் பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, அவர் கையில் இருந்தது விலங்குகளுக்கான தனிநபர் மசோதா. 1953இல் அதைக் கொண்டுவந்தார். அரசே கொண்டுவரும் என்று நேரு வாக்களிக்க, திரும்பப் பெற்றார். ஏழு ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு 1960இல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன்படி 1962இல் இந்தியப் பிராணிகள் நல வாரியம் அமைந்தது. முதல் தலைவர் ருக்மிணி தேவி, தலைமையகம் சென்னை. லண்டன் காபிக் கடையில் கிளம்பியது மனுநீதிச் சோழன் சிலையிருக்கும் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அதே ஊருக்கு இன்னொரு சின்னமும் வந்தது. ஜெனீவாவில் பிறந்த செஞ்சிலுவையைப் பார்த்து, 1912இல் பால்கன் போரில் அடிபட்ட குதிரைகளுக்காக லண்டன் விலங்கு நேயர்கள் ஒரு நிதி திரட்டினார்கள். அதற்கு வைத்த பெயர் நீலச் சிலுவை, ‘புளூ கிராஸ்’. முதல் உலகப் போரில் பிரான்சின் களங்களில் அதன் குதிரை மருத்துவமனைகள் இயங்கின. 1959இல் சென்னையில் பெருமழை. தியாகராய நகர்ப் பக்கம் வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கண்டு, விமானி கேப்டன் வி. சுந்தரம் வண்டியை நிறுத்தித் தூக்கிவந்தார். 1951இல் லண்டனிலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானத்தில் 27 மணி நேரத்தில் பறந்து சாதனை படைத்தவர்கள் அவரும் அவர் மனைவி உஷாவும். குட்டிகள் வந்த வீட்டில் அடுத்தடுத்து பிராணிகள் வந்தன. 1964இல் அது இந்திய புளூ கிராஸாகப் பதிவானது.

அவர்கள் மகன் சின்னி கிருஷ்ணா எழுப்பிய கேள்வி எளியது. நாய்களை நூறாண்டாகக் கொன்றும் எண்ணிக்கை குறையவில்லையே, ஏன்? பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விட வேண்டும் என்றார். ஆங்கிலத்தில் ஏ.பி.சி. என்று பெயர் வைத்தார், முதல் எழுத்துப் படிப்பதைப்போல் சுலபம் என்று. 1964இல் தொடங்கிய வாதத்தைச் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது 1996இல். 2001இல் அது நாடு முழுவதற்கும் விதியானது. உங்கள் தெருநாயின் காதில் ஒரு சிறு வெட்டு இருக்கிறதா, பாருங்கள். முப்பது ஆண்டு விடாமல் கேட்ட கேள்வியின் தழும்பு அது. வெறிநாய்க்கடிக்கு அஞ்சும் தாய்மாரின் பயம் நியாயமானது. அதற்கான விடையும் இந்த ஊசியிலும் கத்தரியிலும்தான் இருக்கிறது. விதி இருந்தும் போதிய அறுவை அரங்கும் மருத்துவரும் தராத ஊர்களில்தான் நாய்ச் சிக்கல் முற்றி நீதிமன்றம் வரை போகிறது.

நீதிமன்றம் என்றதும் காளை நினைவுக்கு வராமல் இருக்காது. 2014இல் ஜல்லிக்கட்டுக்குத் தடை கேட்டு உச்ச நீதிமன்றத்தில் வென்றது, ருக்மிணி தேவி வளர்த்த அதே வாரியம். 2017இல் மெரினாவில் திரண்ட இளைஞர்கள் அந்தத் தடையை உடைத்தார்கள். ருக்மிணி தேவியின் சட்டத்துக்கே தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்தது. 2023இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. வாடிவாசலில் வலிக்கிறது என்றது ஒரு தரப்பு. காளை இனமே அழிந்துவிடும், வளர்ப்பவன் பிள்ளையைப்போல் பார்க்கிறான் என்றது மறு தரப்பு. ஒரே காளையின் பெயரால் இருவரும் மணியை இழுத்தார்கள். காளைக்கு நல்லது நடந்ததா என்பதை ஒவ்வொரு ஆண்டும் களத்தில் நிற்கும் கால்நடை மருத்துவரின் கையேடுதான் சொல்ல வேண்டும், மேடைப் பேச்சு அல்ல.

வாரியத்தின் தலைமையகம் இப்போது சென்னையில் இல்லை, ஹரியானாவுக்குப் போய்விட்டது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டம், விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ 5 ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் அடிப்பதற்கும், பட்டினி போடுவதற்கும், தூக்க முடியாத பாரம் ஏற்றுவதற்கும் பொருந்துவது 1960ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகம் 50 ரூபாய். மார்ட்டின் 1822இல் வைத்த 10 ஷில்லிங், அன்றைய கூலிக்காரருக்குப் பல நாள் சம்பளம். நம்முடைய 10 ரூபாய்க்கு இன்று ஒரு தேநீர்கூட வராது. 2022இல் திருத்த மசோதாவின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். அந்த வரைவைச் சட்டமாக்கும்படி உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

ஒரு மணி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. நோய்ப்பட்ட, அடிபட்ட கால்நடைகளுக்கு நடமாடும் மருத்துவ வண்டியை அழைக்கும் கட்டணமில்லாத் தொலைபேசி எண், வாரியம் பிறந்த ஆண்டேதான்: 1962. கைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.